வார்டும் தெரியணும், கம்ப்யூட்டரும் தெரியணும்
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு படிக்கும் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அங்கிள், எனக்கு கம்ப்யூட்டர்லதான் ஆர்வம். நர்சிங்கை விட்டுடலாமா?" விடாதே என்றேன். இரண்டும் சேர்ந்த துறை ஒன்று இருக்கிறது. நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று பெயர். அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் 1992-லேயே இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் டொபீகா என்ற ஊரில், முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையில் சூ கின்னிக் என்ற நர்ஸ் இருந்தார். 1990-களின் தொடக்கத்தில், வாடகைக் கார் நிறுவனத்தில் ஊழியர் கையடக்க மெஷினால் பார்கோடை ஸ்கேன் செய்வதைப் பார்த்தார். காருக்குச் செய்வதை மருந்துக்குச் செய்தால் என்ன என்று யோசித்தார். அங்கிருந்து பிறந்ததுதான் இன்று பல மருத்துவமனைகளில் உள்ள முறை. நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும், மருந்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஆள், மருந்து, அளவு, நேரம் எதில் தவறு இருந்தாலும் கம்ப்யூட்டர் எச்சரிக்கும். இந்த யோசனை புரோகிராம் எழுதுபவருக்கு வரவில்லை. மருந்து கொடுக்கும் கைக்கு வந்தது.

எங்கள் வங்கிக்கு கம்ப்யூட்டர் வந்தபோது, கவுன்டரில் ஒருநாளும் நிற்காதவர்கள் எழுதிய புரோகிராமைக் கொடுத்தார்கள். நம்பிக்கையில்லாமல் சில மாதம் லெட்ஜரையும் எழுதி வந்தோம். மருத்துவமனையிலும் அப்படித்தான். கைப்பட்டை நனைந்தால், கசங்கினால் ஸ்கேன் ஆகாது. அவசரத்தில் நர்ஸ்கள் அதற்கு ஒரு நகல் எடுத்து வேறெங்காவது ஒட்டி, அதை ஸ்கேன் செய்துவிடுவதும் உண்டு. கம்ப்யூட்டர் "சரி" என்று சொல்லும். ஆனால் கட்டிலில் படுத்திருப்பது யார் என்று அது பார்க்கவில்லையே! இதைத் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வார்டில் நைட் டியூட்டி பார்த்தவருக்குத்தான் தெரியும். அவர் நர்ஸைத் திட்டமாட்டார். நனையாத பட்டைக்கு ஏற்பாடு செய்வார்.

என் மனைவி ஆபரேஷனுக்குப் படுத்திருந்த வார்டில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். ஊசியோடு வந்த நர்ஸிடம், "எனக்கு சுகர் இல்லையே, எதுக்கு இன்சுலின்?" என்று இவள் கேட்டதால் தப்பித்தாள். வங்கியில் தவறான கணக்கில் வரவு வைத்தால் மறுநாள் ரிவர்ஸ் என்ட்ரி போடலாம். உடம்பில் ஏறிய ஊசிக்கு ரிவர்ஸ் என்ட்ரி கிடையாது.

நம் நாட்டிலும் 2021-ல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் தேசிய அளவில் தொடங்கி, 14 இலக்க ஆபா எண் தருகிறார்கள். காகித கேஸ் ஷீட் மெல்ல மெல்லத் திரைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. இந்த வேலைக்கு ஆள் தேவைப்படும். அந்தப் பெண்ணுக்குச் சொன்னது இதுதான்: முதலில் இரண்டு மூன்று வருடம் வார்டில் வேலை பார். கூடவே டேட்டாபேஸ் படி. நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் விதிகளைத் தெரிந்துகொள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருந்து கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நர்ஸ் பெயர் கேட்டால், "எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கைப்பட்டையைக் கழற்றாதீர்கள்.