தேவை துப்பாக்கி அல்ல, காது கொடுக்க ஓர் ஆள்!

மாண்புமிகு நடுவர் அவர்களே! எதிரணியில் இடுப்பைத் தடவிப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற என் இனிய நண்பர்களே! (சிரிப்பு) தாய்மார்களே, பெரியோர்களே!

"அமெரிக்கப் பள்ளிக் காவலருக்குத் துப்பாக்கி தேவையே, தேவையில்லை" என்ற தலைப்பில், தேவையில்லை என்று வாதாட வந்திருக்கிறேன். அமெரிக்காவைப் பற்றி நமக்கென்ன என்று கேட்காதீர்கள். இந்த அரங்கத்திலேயே எத்தனை பேருடைய பேரப்பிள்ளைகள் டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் பள்ளிக்கூடம் போகிறார்கள்! கவலை கடல் தாண்டிப் போய் ரொம்ப நாளாச்சு.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "கெட்டவன் துப்பாக்கியோடு வந்தால், நல்லவன் துப்பாக்கியோடு நிற்க வேண்டாமா?" என்று கேட்டார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன, பாருங்க.

1999 ஏப்ரல் 20. கொலராடோ மாநிலம் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி. துப்பாக்கியோடு காவலர் இருந்தார். சுடவும் செய்தார். ஆனாலும் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் அன்று போய்விட்டார்கள்.

2018 பிப்ரவரி 14. புளோரிடாவில் பார்க்லேண்ட். அங்கேயும் துப்பாக்கியோடு காவலர் இருந்தார். கட்டடத்துக்கு வெளியே நின்றார். உள்ளே 17 உயிர்கள் போயின.

2022 மே 24. டெக்சாஸில் யுவால்டி. அந்தப் பள்ளி மாவட்டத்துக்கென்றே தனிப் போலீஸ் படை உண்டு. அன்று வந்து குவிந்தவர்கள் 376 காவலர்கள். எத்தனை துப்பாக்கி இருந்திருக்கும்! 77 நிமிடம் கழித்துத்தான் கொலைகாரனை வீழ்த்தினார்கள். அதற்குள் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் பலியானார்கள்.

வள்ளுவர் அரண் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதன் கடைசிக் குறளில் என்ன சொல்கிறார்? கோட்டை எத்தனை பெருமை உடையதாக இருந்தாலும், உள்ளே இருப்பவர்களுக்குச் செயல்திறன் இல்லையென்றால் அது கோட்டையே இல்லை என்கிறார். யுவால்டியைப் பார்த்துவிட்டு எழுதியது போல இல்லையா? (கைதட்டல்)

எதிரணி நண்பர் குறுக்கே கை தூக்குகிறார். "இல்லினாய் மாநிலம் டிக்சனில் 2018-இல் ஒரு காவலர் துப்பாக்கியால் தடுக்கவில்லையா?" என்கிறார். தடுத்தார் ஐயா. மாணவர் ஒருவர்கூடச் சாகவில்லை. அந்தக் காவலரை இந்த மேடையிலிருந்தே கும்பிடுகிறேன். ஆனால் ஒரு டிக்சனைக் காட்டி ஊருக்கெல்லாம் சட்டம் போடலாமா? ஒருத்தருக்கு லாட்டரி விழுந்ததென்று எல்லாரும் வேலையை விட்டுவிட முடியுமா? (சிரிப்பு)

ஆய்வு என்ன சொல்கிறது? 1980 முதல் 2019 வரை நடந்த 133 பள்ளித் துப்பாக்கிச் சம்பவங்களை ஆராய்ந்து, 2021-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் சாவு விகிதம் 2.83 மடங்கு அதிகம்! காவலரால்தான் அத்தனை சாவும் என்று நான் சொல்ல மாட்டேன். புள்ளிவிவரம் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் காவலர் இருந்ததால் சாவு குறைந்தது என்று எதிரணியாலும் சொல்ல முடியாது. காரணம் எளிது. வருகிறவர்களில் பலர் சாகத் துணிந்தே வருகிறார்கள். உயிர்மேல் ஆசை இருக்கிறவன்தானே துப்பாக்கியைப் பார்த்துப் பயப்படுவான்?

சரி, பணத்துக்கு வருவோம். தீபாவளிக்கு மாமனார் ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு ஒரே குஷி. அடுத்த நாள் கேட்டார், "மாமா, பெட்ரோல்?" (பலத்த சிரிப்பு) இதே கதைதான் அங்கேயும். கொலம்பைனுக்குப் பிறகு மத்திய அரசு 75 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, 6,500-க்கும் அதிகமான பள்ளிக் காவலர்களை நியமிக்க வைத்தது. 2005-இல் அந்தத் திட்டம் நின்றது. பெட்ரோல் செலவு உள்ளூர்க்காரர் தலையில்!

டெக்சாஸ் 2023-இல் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆயுதக் காவலர் வேண்டும் என்று சட்டம் போட்டது. அப்போது ஒதுக்கியது பள்ளிக்கு 15,000 டாலர், மாணவருக்கு 10 டாலர். 500 பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்றால் மொத்தம் 20,000 டாலர். ஒரு காவலரின் அரை ஆண்டுச் சம்பளத்துக்குக்கூடக் காணாது! பற்றாக்குறை என்று கூக்குரல் எழுந்து, 2025-இல் தொகையை ஏற்றினார்கள். மீதியைப் பள்ளிதான் போட வேண்டும். பள்ளி எங்கே போகும்? நர்ஸ் சம்பளத்தில்தான் கை வைக்கும்.

கற்பனை இல்லீங்க. 2019-இல் அமெரிக்கக் குடியுரிமை அமைப்பு ஒன்று கணக்கெடுத்தது. போலீஸ் உண்டு, ஆனால் ஆலோசகர், நர்ஸ், மனநல வல்லுநர், சமூகப் பணியாளர் ஆகிய நால்வரில் ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்த பிள்ளைகள் 1 கோடியே 40 லட்சம்! வயிறு வலிக்குதுன்னு ஒரு குழந்தை வந்தா, யாரும்மா பார்க்கிறது? துப்பாக்கியா?

யுவால்டியில் இன்னொரு கொடுமை. சுடப்பட்ட வகுப்பறைகளில் ஒன்றின் பூட்டு சரியாக விழாது என்பது முன்பே தெரிந்த விஷயம் என்று டெக்சாஸ் சட்டமன்றக் குழு 2022-இல் அறிக்கை தந்தது. தனிப் போலீஸ் படைக்குப் பணம் இருந்தது; ஒரு பூட்டைச் சரிசெய்ய ஆளில்லை!

"அப்படியானால் எதுதான் காப்பாற்றும்?" என்று நடுவர் கேட்பது புரிகிறது. 2013 ஆகஸ்ட் 20. ஜார்ஜியா மாநிலம் டிகேட்டர் அருகே ஒரு தொடக்கப் பள்ளி. உள்ளே 800-க்கும் மேற்பட்ட குழந்தைகள். இயந்திரத் துப்பாக்கி மாதிரி ஒன்றும், ஏறக்குறைய 500 தோட்டாக்களும் வைத்துக்கொண்டு ஓர் இளைஞன் நுழைகிறான். எதிரில் இருந்தவர் அந்தப் பள்ளியில் கணக்கு எழுதுகிற அம்மா, அன்டோனெட் டஃப். கையில் டெலிபோன்தான். தன் கணவர் விட்டுப்போனதை, தான் சாக நினைத்ததை அவனிடம் சொன்னார். "நானே மீண்டு வந்துட்டேன், உனக்கும் சரியாகும்பா" என்கிற மாதிரி பேசினார். துப்பாக்கியைக் கீழே வைத்துப் படுத்துவிட்டான். ஒரு குழந்தைக்கும் கீறல் இல்லை! (நீண்ட கைதட்டல்)

எல்லாரும் அப்படி மனம் மாறிவிடுவார்களா? மாட்டார்கள். அதனால்தான் துப்பாக்கியோடு வாசலுக்கு வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும் என்கிறோம். நடக்காமல் தடுக்கப்பட்ட 67 பள்ளித் தாக்குதல் திட்டங்களை அமெரிக்க ரகசியப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்து 2021-இல் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் காட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? கூடப் படித்த பிள்ளைகள்! "சார், அவன் ஒரு மாதிரி பேசுறான்" என்று ஒரு பெரியவரிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

அப்படிச் சொல்ல, பிள்ளைக்குப் பயமில்லாத ஓர் ஆள் வேண்டும். கேட்கிற ஆளுக்கு நேரமும் வேண்டும். இருக்கிற பணத்தை அந்த ஆளுக்குக் கொடுங்கள். கதவுக்கு நல்ல பூட்டுப் போடுங்கள். போலீசார் அழைத்தவுடன் வரட்டும். வந்தவுடன் உள்ளே நுழையப் பயிற்சி எடுக்கட்டும். தினமும் குழந்தை சாப்பிடுகிற இடத்தில் துப்பாக்கி உலவ வேண்டாம்.

எனவே, நடுவர் அவர்களே, துப்பாக்கி தேவையில்லை என்ற எங்கள் அணிக்கே நல்ல தீர்ப்பு தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.