உயிரோடு திரும்பியவள் பெயர் எங்கே?



ஸ்ரீரங்கத்தில் போரையும் பெண்களையும் பற்றிப் பேச எழுந்தால் வாயில் முதலில் வரும் பெயர் வெள்ளையம்மாள். 1323-இல் டில்லியிலிருந்து வந்த உலூக்கானின் படை இந்தத் தீவுக்குள் புகுந்தது. கோயில் தாசியான வெள்ளையம்மாள், இங்கே தங்கிவிட்ட தளபதியைக் கிழக்கு வாசல் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப் போய்க் கீழே தள்ளினாள், பிறகு தானும் குதித்தாள் என்பது இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. வெள்ளைக் கோபுரம் அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது. நிற்கட்டும். அவளுக்கு அது உரிய மரியாதை.

கோயிலின் பழைய வரலாற்றேடான கோயிலொழுகு, அதற்கு முந்தைய டில்லிப் படையெடுப்பைச் சொல்லும்போது இன்னொரு பெண்ணையும் சொல்கிறது. கொள்ளிடத்தின் வடகரையில் உத்தமர்கோயில் இருக்கிறதே, அந்தக் கரம்பனூரைச் சேர்ந்தவள். பெருமாளைச் சேவிக்காமல் வாயில் பருக்கை வைக்காதவள். உற்சவரைத் தூக்கிக்கொண்டு படை வடக்கே திரும்பியபோது அவளும் பின்னாலேயே நடந்தாள். டில்லி வரை போனாள். சிலை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று உள்ளே நுழைந்து அறிந்தாள். வந்த வழியே திரும்பி வந்து கோயிலாரிடம் சொன்னாள். அதன் பிறகுதான் ஆடல் பாடல் தெரிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு கோயிலார் புறப்பட்டுப் போய்ப் பெருமாளை மீட்டார்கள் என்கிறது ஒழுகு. இன்று ரயிலில் போனாலே இரண்டு இரவு ஆகும் தூரம் அது. பின்சென்றவல்லி என்று ஒழுகு அவளைக் குறிக்கிறது. பெற்றவர்கள் இட்ட பெயர் அதில் இல்லை.

கோபுரத்தடியில் சேவார்த்திகளுக்குக் கதை சொல்பவர்கள் வெள்ளையம்மாளைச் சொல்கிறார்கள். பின்சென்றவல்லியைச் சொல்லிக் கேட்பது அரிது. இருவரும் ஒரே கோயிலைச் சார்ந்தவர்கள், டில்லிப் படைகள் வந்த காலத்துப் பெண்கள். ஒருத்தி செத்தாள், ஒருத்தி உயிரோடு திரும்பி வந்து வேலையை முடித்தாள். திரும்பி வந்தவளை நாம் மறந்தோம். இந்தக் கூட்டம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: போர்க்காலப் பெண்ணை நினைவில் வைக்க அவள் குதித்தோ எரிந்தோ நஞ்சுண்டோதான் சாக வேண்டுமா?

இந்தக் கதைகளை மதச் சண்டைக்குத் தீனியாக்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதே கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி இருக்கிறது. எதிரி அரசனின் மகள் பெருமாள் மேல் காதல்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள் என்று நம்பி, அவளுக்காகப் பெருமாளுக்கு இன்றும் ரொட்டி அமுது செய்கிறார்கள். வெறுப்பைப் பரப்புகிறவர்கள் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரட்டும்.

1323 படையெடுப்பில் ஊரைவிட்டுப் போன பெருமாளை 1371-இல் விஜயநகரத் தளபதி கோபண்ணர் மறுபடி இங்கே எழுந்தருளச் செய்தார். அந்தச் செய்தி கோயில் சுவரில் கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. அதற்கு வழிசெய்த, மதுரை சுல்தான்களை எதிர்த்த போரின் தலைவர் குமார கம்பணர். அவருடைய மனைவி கங்காதேவி அந்தப் போரைக் காவியமாகவே எழுதினார். பாழ்பட்ட ஸ்ரீரங்கமும், மதுரையைச் சுற்றி வெட்டுண்ட தோப்புகளும், வேலியில் குத்தி நிறுத்திய தலைகளும் மதுரா விஜயத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நடந்த ஒரு போரைப் பற்றி அந்தக் காலத்துப் பெண்ணொருத்தி எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் அரிய சாட்சியம் அது. கோபண்ணரின் கல்லெழுத்தை ஆறு நூற்றாண்டுகளாக ஊர் பார்த்து வந்தது. கங்காதேவியின் ஏடு 1916-இல் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்படும் வரை யார் கையிலும் இல்லை. கிடைத்த சுவடியிலும் பல இடங்கள் சிதைந்திருந்தன.

காவிரியைத் தாண்டித் திருச்சிக்குள் வருவோம். மலைக்கோட்டை அடிவாரத்தில் அருங்காட்சியகமாக இருக்கும் தர்பார் மண்டபத்தை ராணி மங்கம்மாள் மகால் என்கிறோம். 1689-இல் அவர் மகன், மதுரை நாயக்க அரசர் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் அம்மை கண்டு இறந்தார். மருமகளும் பிள்ளையைப் பெற்றுவிட்டு உயிரை விட்டாள். கைக்குழந்தைப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு 1706 வரை மங்கம்மாள் ஆண்டார். பதினேழு ஆண்டுகள்! சுற்றிலும் யார் யார் என்று பாருங்கள். வடக்கே செஞ்சியை முற்றுகையிட்டுக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான், மேற்கே மைசூர், கிழக்கே தஞ்சை மராட்டியர், தெற்கே கப்பம் கட்ட மறுத்த திருவிதாங்கூர், இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி. முகலாயருக்குத் திறை அனுப்பி மோதலைத் தவிர்த்தார். மைசூர்ப் படைக்குத் திருச்சியை விட்டுக்கொடுக்கவில்லை. தளவாய் நரசப்பையரைத் திருவிதாங்கூருக்கும் தஞ்சைக்கும் அனுப்பி வென்றார். சேதுபதியிடம் தோற்றார், அந்தப் போரில் தளவாயையும் இழந்தார். எங்கே பணத்தால் முடிப்பது, எங்கே படையால் முடிப்பது என்று ஒவ்வொரு முறையும் அவர்தான் முடிவெடுத்தார்.

சாலை போட்டார், சத்திரம் கட்டினார், குளம் வெட்டினார், மரம் நட்டார். தென்பாண்டி நாட்டில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்னும் மறையவில்லை. அந்தச் சாலைகளில்தான் யாத்திரிகரும் நடந்தார்கள், நெல் வண்டியும் போயிற்று, படையும் போயிற்று. இதற்கு ஊர் என்ன காரணம் சொல்லிற்று? தெரியாத்தனமாக இடது கையால் தாம்பூலம் போட்டுக்கொண்டாராம், அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத் தர்மம் செய்தாராம்! ஓர் ஆண் சாலை போட்டால் அது ஆட்சித்திறன். பெண் போட்டால் வெற்றிலைப் பரிகாரம். போதாக்குறைக்கு அமைச்சரோடு சேர்த்து வம்பு வேறு. முன்னூறு ஆண்டுகளாக அந்த வம்பு செழித்திருக்கிறது. பதினேழு ஆண்டு ஆட்சியை விரிவாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே குறைவு.

அந்தப் பேரன் விஜயரங்க சொக்கநாதர் வளர்ந்து பெரிய பக்தரானார். ஸ்ரீரங்கம் கோயில் உள்பிரகாரத்தில், கண்ணாடிக்குள், வண்ணம் தீட்டிய ஆளுயர உருவங்களாக அவரும் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1732-இல் அவர் வாரிசு இல்லாமல் இறந்தபின் அவர் மனைவி ராணி மீனாட்சி திருச்சிக் கோட்டையைக் காத்தார். உறவினன் பங்காரு திருமலை ஒரு பக்கம், ஆர்க்காட்டுப் படை மறுபக்கம். கோடி ரூபாய் வாங்கிக்கொண்டு சத்தியம் செய்த சந்தா சாகிப் 1736-இல் திரும்பி வந்து ஏமாற்றி நகரைப் பிடித்தார். மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார் என்ற கடைசி வரி எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளை யாரும் கேட்பதில்லை.

வேலு நாச்சியாருக்கும் இதே கதி. அவர் படையைச் சேர்ந்த குயிலி தீக்குளித்த காட்சியில் மேடை அதிரும். கணவரை 1772-இல் இழந்தபின் விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியைத் தேடி, 1780-இல் சிவகங்கையை மீட்கும்வரை எட்டு ஆண்டுகள் அந்த அம்மையார் ஆள் சேர்த்ததையும் பணம் திரட்டியதையும் எத்தனை மேடைகள் சொல்கின்றன?

1801 ஜூன் 16-ஐத் திருச்சிக்காரர்கள் மறக்கக் கூடாது. அன்றுதான் சிவகங்கைச் சின்ன மருதுவின் அறிக்கை, கோட்டைக்குள் நவாப் அரண்மனைக்குப் போகும் வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரும் இசுலாமியரும் சேர்ந்து வெள்ளையரை எதிர்க்க வேண்டும் என்று அழைத்த அறிக்கை. மருதிருவரோடு அப்போது தோள் சேர்ந்து நின்றவர் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. அவர் மருதிருவரிடம் போய்ச் சேர்ந்தது எப்படி?

மே 24-ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. வெளியேறியவர்களை எட்டயபுரத்து ஆட்கள் விரட்டி வெட்டினார்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் தங்கள் ஆண்களின் உடல்களைத் தேடிக் களத்துக்கு வந்தார்கள். ஒரு தாய் குற்றுயிராகக் கிடந்த தன் மகனைக் கண்டு தூக்கப் போனாள். தன்னை விட்டுவிடும்படியும், அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படியும் மகன் கெஞ்சினான். சாமி என்றது ஊமைத்துரையை. மகனைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அந்தத் தாயும் உடன் வந்த பெண்களும் ஊமைத்துரையைத் தூக்கிப் போய் வீட்டில் கிடத்தினார்கள். தேடிக்கொண்டு எதிரிகள் வந்தபோது உடலைத் துணியால் மூடி, சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மையில் செத்துப்போன பையன் என்றார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். இதை எழுதி வைத்தவர் நம்மவர் இல்லை. கோட்டையைத் தாக்கிய கம்பெனிப் படையின் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக்குறிப்பில் எழுதினார், 1830-இல் அது நூலாக வந்தது. எதிரிக்கே எழுதத் தோன்றிய அந்தச் செயலைச் செய்தவளின் பெயரை அவரும் கேட்டு வைக்கவில்லை. களத்தில் மகனை விட்டுவிட்டு நடந்தவள் அதன் பின் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாளோ, எப்படி வாழ்ந்தாளோ, எங்கும் குறிப்பு இல்லை. மகனைப் போருக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாயை மேடைதோறும் அழைக்கிறோமே, இவளை ஏன் அழைப்பதில்லை?

போரில் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் ஆண்கள்தானே, அவர்களைப் பாடுவதில் என்ன குற்றம் என்று சிலர் கேட்கிறார்கள். குற்றம் இல்லை, பாடுங்கள். ஆனால் காயம்பட்டவனுக்குக் கஞ்சி ஊற்றியது யார், ஆள் இல்லாத வீட்டில் உழுது விதைத்தது யார், கடனை அடைத்தது யார் என்ற கேள்விகளை விட்டுவிட்டுப் போரை எழுதினால் அது பாதிப் போர்தான்.

நம் தாத்தா பாட்டி காலத்துக்கு வாருங்கள். திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். ஜப்பான்காரன் காலம் என்று முதியவர்கள் சொல்லும் அந்த ஆண்டுகளில் சயாம் மரண ரயில்பாதைக்கு ஆண்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கை நட்டு, அதையே அவித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள் பெண்கள். அந்தத் தோட்டங்களிலிருந்துதான் 1943-இல் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குப் பெண்கள் வந்தார்கள். அக்டோபர் 22-ஆம் நாள் சிங்கப்பூரில் முகாம் திறந்தது. கேப்டன் லட்சுமியை நாடறியும், ஜானகி தேவரை மலேசியா அறியும். பால்மரம் வெட்டிய கையால் துப்பாக்கி பிடித்த சாதாரணப் பெண்களை யார் அறிவார்? மேமியோ மருத்துவமனையில், குண்டுவீச்சுக்கு நடுவில், இம்பாலிலிருந்து வந்த காயக்காரர்களின் புண்ணைக் கழுவிக் கட்டியவர்கள் அவர்கள். 1945-இல் ரங்கூனிலிருந்து பின்வாங்கியபோது இரவெல்லாம் நடந்தார்கள். ஜோசபின், ஸ்டெல்லா இருவரும் வழியில் சுடப்பட்டு இறந்தார்கள். மற்றவர்களில் பலர் தோட்டத்துக்குத் திரும்பி மறுபடி மரம் வெட்டப் போனார்கள். அந்த வீடுகளில் பாட்டியிடம் யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை, பாட்டியும் போய்விட்டாள்.

சோவியத் நாட்டில் ஒரு பெண் கேட்டு எழுதினார். ஸ்வெத்லானா அலெக்சியேவிச் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், இரண்டாம் உலகப் போரில் பங்கெடுத்த பெண்களைப் பேசவைத்தார். துப்பாக்கி சுட்டவளும் பேசினாள், துணி துவைத்தவளும் பேசினாள். 1985-இல் அது புத்தகமாக வந்தது, 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு, துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டை என்று இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாம்கள் இங்கேயே இருக்கின்றன. ஈழப்போரின் பெண்கள் இந்த ஊர்ப் பேருந்தில் நம் பக்கத்து இருக்கையில் வருகிறார்கள். நகையை விற்றுப் படகுக்காரனுக்குக் கொடுத்தவர்கள், மழையில் ஒழுகும் ஒற்றை அறையில் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியவர்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, நல்லது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கு இடம் இல்லை, அது அநீதி. முகாமில் வளர்ந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்ப் போராடிக் கடவுச்சீட்டு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் இந்தத் திருச்சியில் வாக்களித்தார். அக்கரையில், கிளிநொச்சியில், 2017 பிப்ரவரி 20 முதல் தாய்மார்கள் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை ஏந்திக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதில் கிடைக்காமலே பலர் இறந்துபோனார்கள்.

அதனால் இந்த மேடையின் கோரிக்கைகள் கையில் எடுத்துச் செய்யக்கூடியவை. ராணி மங்கம்மாள் மகாலில், அவர் எந்தெந்தப் படையை எப்படிச் சமாளித்தார் என்று தமிழில் எழுதிய பலகை வாசலிலேயே இருக்க வேண்டும், ஆண்டுகளோடு. உத்தமர்கோயிலில் பின்சென்றவல்லிக்கு ஒரு கல்லாவது நாட்ட வேண்டும். ஜூன் 16 விழாவில் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்ற பெண்களைப் பற்றியும் பேச வேண்டும்.

மாணவிகளே, மிச்ச வேலை உங்களுடையது. ஹோலி கிராஸ் கல்லூரிக்கு நூறு வயது கடந்துவிட்டது. சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி 1951 முதல் பெண்களைப் படிக்க வைக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மகளிரியல் துறையே இருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் பதிவு செய்யும் போன் இருக்கிறது. கொட்டப்பட்டில் எண்பது வயதைத் தொட்டவர்களிடம் இந்த ஆண்டே போங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் பதிவு செய்யுங்கள், பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். அடுப்பு எப்படி எரிந்தது, பிள்ளைக்குப் பால் எங்கே கிடைத்தது, படகில் யார் எதைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள் என்று கேளுங்கள். வரும் வாரமே முதல் குழு கிளம்பட்டும்.