ஒலியை ஆளும் மகளிர்
(திருமறைக்காட்டில் நிகழ்த்திய உரை)



வேதாரணியம் என வடமொழியில் வழங்கும் இவ்வூரின் பழந்தமிழ்ப் பெயர் திருமறைக்காடு. இங்குக் கோயில் கொண்ட இறைவியின் பெயர் யாழைப் பழித்த மொழியாள். பெண்ணின் மொழி யாழினும் இனிதெனப் பெயரிட்டுப் போற்றிய ஊர் இது. ஆனால், அம்மொழியைப் பதிந்து காக்கும் பொறியைப் பெண்ணின் கையில் கொடுத்தோமா?

1902-இல் கல்கத்தாவில் கௌகர் சான் என்னும் பாடகியின் குரல் இசைத்தட்டில் ஏறியது. பாடியவர் பெண்; பதிந்தவர் கெய்சுபெர்க்கு என்னும் ஆடவர். அந்நிலை நெடுங்காலம் நீடித்தது. பாடுமிடம் பெண்ணுக்கு, பொறியின்முன் இருக்கை ஆணுக்கு!

இப்பணிக்குத் தோள்வலிமை வேண்டுவதில்லை. குரலையும் கருவிகளையும் பதிதல், அவற்றை அளவறிந்து கலத்தல், எக்கருவியில் கேட்பினும் பாட்டு ஒத்தொலிக்குமாறு இறுதியிற் செப்பஞ்செய்தல் ஆகிய மூன்றுக்கும் வேண்டுவன கூரிய செவியும் பொறுமையுமே. செப்பஞ்செய்தலில் வல்லவரான அமெரிக்கப் பெண்மணி எமிலி இலாசர், 2019-இல் ஒலிப்பதிவுப் பொறியியலுக்கான கிராமி விருது பெற்றார். தெலுங்கு நாட்டுச் சாசிதா கான், இந்தியத் திரைத்துறையின் முதற்பெண் ஒலிப்பொறியாளர் என 2018-இல் குடியரசுத் தலைவரால் சிறப்பிக்கப்பெற்றார்.

தமிழ்மகள் பின்தங்குவதோ? அயன்மொழிச் சொற்களை அடுக்கி அவளை அச்சுறுத்தாதீர்கள். பதிவு, கலவை, செப்பம் எனத் தமிழிலேயே கற்பியுங்கள். தாய்மொழியில் விளங்கிய தொழில் எளிதிற் கைவரும். மகளைப் பாடச்சொல்லி மகிழும் பெற்றோரே! அப்பாட்டைப் பதியும் பொறியையும் அவளிடமே ஒப்படையுங்கள்.

வெல்க தமிழ்!