மின்னல் விழுவதற்கு முன்



ஒரு சாதாரணப் பையன் மாய வல்லமை பெறுகிற படமென்றால் அமெரிக்கச் சரக்கு என்று ஒதுக்குகிறோம். கண்டிப் பக்கத்து நம் தேயிலைத் தோட்டங்களில் அருச்சுனன் தபசு என்ற கூத்தை ஆடினார்களே, அது என்ன கதை? சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டித் தவமிருக்கும் அருச்சுனன் உயர்ந்த மரத்தில் பாடிப் பாடி ஏறுகிறான். அஸ்திரம் கிடைப்பது கணநேரம், ஏறுவதுதான் நீளம். சனம் அண்ணாந்து பார்த்துக் கிடந்தது அந்த ஏற்றத்தை.

2021இல் பசில் ஜோசப் இயக்கிய ‘மின்னல் முரளி’ என்ற மலையாளப் படத்துக்கு இந்த இலக்கணம் தெரிந்திருக்கிறது. ஒரே இரவில் மின்னல் இருவரைத் தாக்குகிறது: தையற்காரன் ஜெய்சன், தேநீர்க் கடையில் வேலை செய்யும் ஷிபு. இருவருக்கும் மாய வல்லமை கிடைக்கிறது. ஜெய்சனை ஊர் தன் பிள்ளையாக வைத்திருந்தது. ஷிபுவைப் பைத்தியம் என்று தள்ளி வைத்திருந்தது. அவன் நெஞ்சில் சுமந்த உஷாவும் ஊரார் வைத்த தீயில் மாண்ட பிறகு, அவனுக்குத் திரும்பி வர வழியேது? ஒரு ஊர் தன் வில்லனைத் தானே வளர்த்த கதை இது. எழுத்தின் வலிமை இங்கேதான் இருக்கிறது.

ஷிபுவாக நடித்தவர் நம் தமிழ்க் கலைஞர் குரு சோமசுந்தரம்; சென்னைக் கூத்துப்பட்டறையில் பயின்றவர். உஷா அவனை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அழுகையும் சிரிப்பும் ஒரே முகத்தில் மோதுகின்றன. எந்தக் கணினி வித்தையும் அதற்கு ஈடில்லை. நாயகன் ஜெய்சன் சூடும் ‘முரளி’ என்ற பெயரோ, நாடகக்காரரான அவன் தந்தை மேடையில் ஏற்ற பாத்திரத்தின் பெயர்.

அமெரிக்கச் சரக்கு என்றோமே, அங்கேயும் 1938இல் சூப்பர்மேனை உலவவிட்ட சீகலும் ஷூஸ்டரும் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். வேற்று மண்ணில் வந்து விழுந்து, தன்னை மறைத்து வாழ்கிறவனை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டுமா? அதுபோலவே, இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

கெமரா கையிலுள்ள பிள்ளைகளே, மின்னலை அவசரப்பட்டுக் காட்டாதீர்கள். உங்கள் நாயகன் தோட்டத்து லயத்துக் காம்பராவில் எத்தனை பேரோடு படுத்தான், கங்காணி அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டார், மழையில் கொழுந்து நிறுக்கும்போது தாய் ஏன் வாய் திறக்கவில்லை என்பதையெல்லாம் முதலில் எடுங்கள். தபசு மரம் ஏறிய பெரியவர்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். கதை எழுத உட்காருமுன் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.