பாட்டியின் பாம்படம் எங்கே போயிற்று?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



என்னை நகைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தாய்மார்கள் முகத்தில் இப்போதே மலர்ச்சி தெரிகிறது. தகப்பன்மார் பக்கம் நான் பார்க்கவில்லை!

கண்ணகி கதை உங்களுக்குத் தெரியும். அவள் சிலம்பின் பரல் மாணிக்கம். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. கொற்கையில் முத்துக் குளித்த நாட்டின் அரசி முத்துச் சிலம்பு போடுவது இயற்கைதானே? அந்த வித்தியாசம்தான் வழக்கையே தீர்த்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அது பொற்சிலம்பு. இன்று பிள்ளை தங்கக் கொலுசு கேட்டால், "காலிலே தங்கம் போடாதே, லட்சுமி" என்று பாட்டி அதட்டுவார். மூக்குத்தியும் அப்படித்தான். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் அம்மனின் கழுத்து, காது, தோள் எல்லாம் அணி நிறைந்திருக்கும். மூக்கு மட்டும் வெறுமையாக இருக்கும். மூக்குத்தி பிற்காலத்தில் வந்தது. "ஆதி காலத்திலிருந்தே இப்படித்தான்" என்று நாம் சொல்வதில் பாதி ஆதி காலத்து வழக்கமே அல்ல.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1010-ஆம் ஆண்டு வாக்கில் இராசராச சோழன் கொடுத்த நகைகள் எத்தனையோ. பொன் எத்தனை கழஞ்சு, முத்து எத்தனை என்று எண்ணி, 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்து, கல்லிலே வெட்டி வைத்தான். அந்த நகைகள் இன்று இல்லை. எழுதி வைத்த கணக்கு இருக்கிறது.

இனிப் பாம்படத்துக்கு வருவோம். திருநெல்வேலி, மதுரைச் சீமைப் பெண்களுக்குச் சிறு வயதிலேயே காது வளர்ப்பார்கள். பாரம் ஏற்ற ஏற்றக் காது தோள்வரை தொங்கும். அதிலே பாம்படம், தண்டட்டி என்று போடுவார்கள். உருண்டையும் சதுரமுமாகக் கோத்த அந்த நகையைப் பார்த்தால் முழுத் தங்கம் போலிருக்கும், உள்ளே அரக்கு! மெல்லிய தகட்டை மடித்து, அரக்கை நிரப்பி, கொஞ்சத் தங்கத்தில் பெரிய நகை செய்த ஆசாரியின் கைவேலையை என்னவென்று சொல்வது! பிறகு காலம் மாறியது. வளர்த்த காது நாகரிகம் இல்லை என்றார்கள். பலர் காதைத் தைத்துக்கொண்டார்கள். தோடும் ஜிமிக்கியும் வந்தன. பாம்படம் உருகிவிட்டது.

'பவுன்' என்கிறோமே, அது ஆங்கிலேயரின் தங்கக் காசு. எடை எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, 22 காரட். நம் கடைகளில் 916 என்று முத்திரை குத்துகிறார்களே, அதே தரம்தான். இலட்சுமி உருவம் இருந்த காசுமாலையில் விக்டோரியா மகாராணியும் ஏறிக்கொண்டார். காசாகவே கழுத்தில் கிடந்தால் அவசரத்துக்கு ஒன்றைக் கழற்றி விற்கலாம் அல்லவா?

அந்த அவசரமும் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் வாழைமர நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்து, 1945-இல் வெறுங்காகிதமானது. அரிசிக்கும் மருந்துக்கும் தங்கம்தான் கைகொடுத்தது. 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்து நிதி கேட்டபோது, நம் பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள். தாலியைக் கொடுத்தவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு அடகுக்கடை. பள்ளி திறக்கும் மாதத்தில் புத்தகமும் சப்பாத்தும் எதை வைத்து வாங்கப்பட்டன என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, அம்மாக்களுக்குத் தெரியும். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். நகை அதற்குத்தானே இருக்கிறது? ஆனால் அடகுச் சீட்டில் 'சங்கிலி 1, எடை இவ்வளவு' என்றுதான் இருக்கும். அதை யார் செய்தார், யார் கழுத்தில் கிடந்தது என்று அதிலே எழுதமாட்டார்கள். ஆறு மாதத்தில் மீட்கமுடியாவிட்டால் அதுவும் போச்சு. மாடல் பழசாகிவிட்டது என்று மாற்றிக்கொண்டால், சேதாரம், கூலி என்று நமக்குத்தான் நட்டம்.

ஆகவே மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டிலுள்ள பழைய நகை ஒவ்வொன்றையும் வெள்ளைத்தாளில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். அட்டிகையா, வங்கியா, நெளி மோதிரமா, பெயரைப் பாட்டியிடம் கேளுங்கள். யார் கொடுத்தது, எந்தக் கல்யாணத்துக்கு, எந்தத் தோட்டத்தில் என்றும் எழுதுங்கள். விற்றுப்போன நகையாக இருந்தால், பாட்டி சொல்லச் சொல்ல வரையுங்கள். நல்ல படங்களை அடுத்த ஆண்டு மலரில் போடலாமா என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். சரி என்றிருக்கிறார்.