விடுமுறை அரங்கிற்குப் பிள்ளைகளை அனுப்புவோம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூறு ஆண்டு வரலாற்றைச் சொல்ல எங்களிலும் மூத்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறோம். நாங்கள் பேச வந்தது ஒரு சின்ன விடயம் பற்றி. ஓகஸ்ட் விடுமுறையில் கல்லூரிக்கு அண்மையிலுள்ள வாசிகசாலை மண்டபத்தில் ஊர் இளையோருக்காக ஓர் அரங்கப் பயிற்சி நடக்கிறது. எங்கள் வகுப்புத் தோழியர் சிலர் அதற்குக் கைகொடுத்து வருகிறோம். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் சேரலாம். காலை எட்டரைக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பத்து நாள். கடைசி நாள் பின்னேரம் வாசிகசாலை முற்றத்திலேயே அளிக்கை. கட்டணம் இல்லை. பரிசும் இல்லை. "அப்ப ஏன் பிள்ளையை அனுப்பவேணும்?" என்று கேட்கும் தாய்மாருக்குத்தான் இந்த உரை.

இந்தக் கல்லூரியில் நாடகம் புதிதல்ல. பரிசளிப்பு விழாவுக்கு நாடகம், நவராத்திரிக்கு நாடகம், தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம். எங்கள் நாட்டுக்கூத்திலே வழிவழியாக ஆண்களே சேலை கட்டிப் பெண்ணாக ஆடினார்கள். பெண்கள் கல்லூரியிலோ அது தலைகீழ். நாங்களே அரசன், நாங்களே மந்திரி, கரிக்கட்டியால் மீசை கீறிய வாயிற்காவலனும் நாங்களே. மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த தலைமுறை நாங்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுவிட்டு வந்தும் ஒத்திகைக்கு நின்றிருக்கிறோம். அரசனாக நின்றபோது எங்களுக்கு ஒரு குரல் இருந்தது. மீசையைக் கழுவியதும் அந்தக் குரலையும் கழுவிவிட வேண்டியிருந்தது. "பொம்பிளைப் பிள்ளை, மெல்லக் கதை" என்று வீட்டிலே சொன்னார்கள். சாதாரண தரப் பரீட்சை கிட்டியதும் நாடகமும் நின்றது.

பிள்ளைகளுக்கான அரங்கு என்று தனியாக ஒன்றை எண்ணிப் பார்த்தவர்கள் எங்கள் மண்ணிலேயே இருந்தார்கள். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கியவர் குழந்தை ம. சண்முகலிங்கம். ஆசிரியராக இருந்தவர். அவர் எழுதிய 'கூடி விளையாடு பாப்பா' சிறுவர் நாடகத்தை எங்களில் மூத்த அக்காமார் மறந்திருக்கமாட்டார்கள். மட்டக்களப்பு மண்ணிலிருந்து வந்த பேராசிரியர் சி. மௌனகுரு 'தப்பி வந்த தாடி ஆடு' எழுதினார். ஆடும் பாடும் விலங்குகளாகப் பிள்ளைகளே மேடையில் நின்றார்கள். வசனத்தைப் பாடமாக்கி ஒப்புவிக்கும் பிள்ளைக்கும், விளையாடி விளையாடி வசனத்தைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை இவர்களைப் போன்றவர்களிடமிருந்தே எங்கள் நெறியாளர்கள் கற்றார்கள். எங்கள் விடுமுறை அரங்கும் அந்த வழியில் வருவதுதான்.

அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லவேண்டும். முதல் நாள் கதிரை ஒன்றும் கிடையாது. எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி ஓர் அசைவு செய்யவேண்டும். மற்றவர்கள் அந்தப் பெயரையும் அசைவையும் திருப்பிச் செய்வார்கள். தன் பெயரை முப்பது பேர் உரத்துச் சொல்வதை முதன்முதலாகக் கேட்கும் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும். பிறகு கண்ணாடி விளையாட்டு. ஒருத்தி அசைவாள், எதிரே நிற்பவள் அவளுடைய விம்பமாக அசைவாள். சற்று நேரத்தில் யார் வழிநடத்துகிறார், யார் தொடர்கிறார் என்று பார்ப்பவருக்கு விளங்காது. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. தோளில் கைவைத்து ஒருவர் கூட்டிச் செல்வார். கூட்டிச் செல்பவர் கவனம் தப்பினால் மற்றவர் தூணில் முட்டுவார். பொறுப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் நாளிலிருந்து சிலை விளையாட்டு. "பரீட்சை மறுமொழி வந்த வீடு" என்று நெறியாளர் சொன்னதும் நாலைந்து பிள்ளைகள் சிலையாக உறைந்து நிற்பார்கள். ஒரு குழுவில் அப்பா கதிரையில் திரும்பி இருப்பார், அம்மா தலையில் கைவைத்திருப்பா, பிள்ளை கதவுக்குப் பின்னால் நிற்கும், அம்மம்மா மட்டும் பிள்ளைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோவா. ஒரு வசனம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த தாய்மார் இருவர் சேலைத் தலைப்பால் கண் துடைத்தார்கள். அந்தச் சிலைகளிலிருந்து காட்சி, காட்சியிலிருந்து கதை, கதையிலிருந்து பத்தாம் நாள் அளிக்கை. எழுதிய பிரதி என்று ஒன்று முதலில் கிடையாது.

வைத்தியத் தொழிலில் இருப்பதால் இதை வேறு கண்ணாலும் பார்க்கிறோம். பத்து வயதிலிருந்து பத்தொன்பது வரை கட்டிளமைப் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அந்த வயதுப் பெண்பிள்ளை வைத்தியசாலைக்கு வந்தால் பெரும்பாலும் அம்மாவும் கூட வருவா. "பிள்ளைக்கு என்ன செய்யுது?" என்று பிள்ளையைப் பார்த்துக் கேட்டால் "தலையிடியாம் டொக்டர்" என்று அம்மாதான் சொல்லுவா. "எப்ப தொடங்கினது?" "மூன்று கிழமையாம்." பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி இருக்கும். அம்மாவிலே பிழை இல்லை. பயத்தில் கதைக்கிறா. ஆனால் அந்தத் தலையிடி எங்கேயிருந்து வருகிறது என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் வாய் திறக்கப் பழகியிருக்கவில்லை. தன் உடம்பில் நடப்பதைத் தன் சொல்லால் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, தனக்கு நடக்கும் அநியாயத்தையும் சொல்ல வராது. எங்கள் கவலை அதுதான்.

அரங்கு மருந்து என்று சொல்ல வரவில்லை. மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் உரிய சிகிச்சை வேறு. அதை நாடகத்தால் ஈடுசெய்ய முடியாது. ஆனால் கலைகளுக்கும் உடல், உள நலத்துக்கும் தொடர்பு உண்டு என்பது இப்போது வெறும் நம்பிக்கையாக இல்லை. 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு வெளியிட்ட அறிக்கை 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நோய் வராமல் காப்பதிலும் நலத்தைப் பேணுவதிலும் கலைகளுக்குப் பங்கு உண்டென்று கூறியது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் கலை வாழ்வில் பங்குகொள்வதையும் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை 1991இல் அந்தச் சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. ஆகவே விடுமுறையில் பிள்ளை விளையாடுவது நாங்கள் கொடுக்கும் சலுகை அல்ல.

ஓர் அளிக்கையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறோம். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் காட்டித்தந்த விவாத அரங்கு என்ற முறை எங்கள் நாட்டிலும் பல காலமாகப் பயன்படுகிறது. கதை சிக்கலான இடத்தில் நிற்கும். "இப்ப என்ன செய்யலாம்?" என்று பார்வையாளரிடம் கேட்பார்கள். வாயால் சொல்ல முடியாது, எழுந்து வந்து அந்தப் பாத்திரமாக நின்று செய்து காட்டவேண்டும். பிள்ளைகள் எடுத்த கதை மினிபஸ். ஆறு கதிரை, ஒரு கயிறு, "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ" என்று கத்தும் நடத்துநர். வகுப்பு முடிந்து வரும் பிள்ளைக்குப் பின்னால் ஒருவன் நெருங்கி நிற்கிறான். பிள்ளை புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்குகிறாள். அவனும் நகர்கிறான். காட்சி அங்கே உறைந்தது.

முற்றத்தில் ஒரு சத்தமில்லை. அந்தப் பஸ்ஸில் ஏறாத பெண் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கமாட்டாள். முதலில் எழுந்தவர் ஓர் அம்மம்மா. கதிரையில் இருந்தபடியே, "தம்பி, அங்காலை போம். பிள்ளை, நீ வந்து என்ரை பக்கத்திலை இரு" என்றார். கைதட்டினார்கள். பிறகு ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வந்தது. வந்த நாளில் தன் பெயரைக்கூடக் காற்றுக்குக் கேட்காதபடி சொன்ன பிள்ளை. திரும்பி நின்று, "அண்ணா, தள்ளி நில்லுங்கோ!" என்றது. நெறியாளர், "பின்னுக்கு நிற்கிறவைக்குக் கேட்கேல்லை" என்றார். இரண்டாந்தரம் சொன்னது. மூன்றாந்தரம் சொன்னபோது ஒழுங்கையில் போனவரும் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். அதன்பிறகுதான் நல்ல விவாதம் நடந்தது. நடத்துநர் சிரித்தால் என்ன செய்வது? மற்றவர்கள் பார்க்காததுபோல இருந்தால்? வீட்டில் சொன்னால் ரியூசனை நிற்பாட்டிவிடுவார்களே? அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டது ஒரு பிள்ளை. முன்வரிசையில் இருந்த தகப்பன்மார் தலை குனிந்தார்கள். எந்த மேடைப் பேச்சும் அந்த முற்றத்தில் அதைச் செய்திருக்காது.

இனி, தாய்மார் எங்களிடம் சொல்லும் தடைகள். அவற்றில் எதுவும் வீண்பயம் அல்ல.

முதலாவது, படிப்பு. விடுமுறையில்தான் ரியூசன்காரர் விசேட வகுப்பு வைக்கிறார்கள். உயர்தரப் பிள்ளை பரீட்சை ஆண்டில் வரவேண்டாம் என்று நாங்களே சொல்வோம். மற்ற ஆண்டுகளில் பத்து நாட்காலை போய்விட்டால் பல்கலைக்கழகம் போய்விடாது. அளிக்கைக்காக ஒரு பக்கத்தைத் தானே எழுதி, திருத்தி, முப்பது பேர் முன்னால் நியாயம் சொல்லும் பிள்ளை கட்டுரை எழுதவும் பழகுகிறது.

இரண்டாவது, பாதுகாப்பு. ஆண்பிள்ளைகளும் வருகிறார்கள். ஆகவே பயிற்சி நேரம் முழுவதும் பெரியவர்கள் குறைந்தது இருவர், அவர்களில் ஒருவர் பெண்ணாக, மண்டபத்தில் இருப்பது விதி. கதவு பூட்டுவதில்லை. தொட்டு விளையாடும் விளையாட்டில் விருப்பமில்லாத பிள்ளை காரணம் சொல்லாமல் விலகி நிற்கலாம். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமின்றிப் படமோ வீடியோவோ எந்தத் தளத்திலும் போடுவதில்லை. இருட்ட முன்னம் பிள்ளை வீட்டில். தாய்மார் எப்போதும் வந்து பார்க்கலாம்.

மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாதவிடாய் நாளில் பிள்ளை வரமுடியாது என்பதே அது. அதற்காகத் தண்ணீர் வரும், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய மலசலகூடமும், கேட்காமலே எடுக்கக்கூடிய இடத்தில் துவாய்களும் வைத்திருக்கிறோம். வெயில் காலம் என்பதால் குடிநீரும் பத்து மணிக்கு அவித்த கடலையோ கௌப்பியோ கட்டாயம்.

நான்காவது, "ஊர் என்ன சொல்லும்?" ஊர் வந்து முற்றத்தில் இருந்து பார்க்கிறது. பார்த்தபின் சொல்லட்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருகின்றன. பிள்ளைகளைக் கூட்டி வருகிறீர்கள். கோயில், உறவினர் வீடு, கடற்கரை, மிகுதி நேரம் கைத்தொலைபேசி. மச்சாள்மாரோடு கதைக்கத் தமிழ் வராது, இவர்களுக்கு ஆங்கிலம் கூச்சம். கண்ணாடி விளையாட்டுக்கு இரண்டும் தேவையில்லை. லண்டனிலிருந்து வந்த பிள்ளை ஒன்று அளிக்கையில் வாய்பேசாத மரமாக நின்றது. அதன் கீழ் இருந்து கதைத்த பிள்ளைகளின் தமிழ் முழுவதும் பத்து நாளில் அதற்குப் பாடமாகிவிட்டது. தமிழ் வகுப்பில் வராத சொல் நிழல் கொடுத்துக்கொண்டு நின்றபோது வந்தது. வந்து நிற்கும் நாட்களில் ஒரு கிழமையையாவது எங்களுக்குத் தாருங்கள்.

பிள்ளை இல்லாதவர்களுக்கும், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களுக்கும் வேலை உண்டு. ஒரு காலை வந்து மண்டபத்தில் பெரியவராக இருங்கள். பழைய சேலைகளைத் தாருங்கள், ஒரு சேலை ஆறாகவும் ஊஞ்சலாகவும் அரச மாளிகையாகவும் மாறுவதைக் காட்டுகிறோம். காசு அனுப்ப விரும்புபவர்கள் மேடைத்திரைக்கும் ஒளிவிளக்குக்கும் அனுப்பவேண்டாம். தூரத்துப் பிள்ளைகளின் பஸ் காசுக்கும் பத்து மணிக் கடலைக்கும் அனுப்புங்கள். எந்தப் பிள்ளைக்கு இந்த அரங்கு மிகவும் தேவையோ, அந்தப் பிள்ளைதான் பஸ் காசில்லாமல் வீட்டில் நிற்கிறது.

கல்லூரி எங்களுக்கு எழுத்தறிவித்தது. இந்தச் சபையில் இருக்கும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் கணக்காளர்களும் சட்டத்தரணிகளும் அதற்குச் சாட்சி. அடுத்த நூற்றாண்டின் பிள்ளைகளுக்கு அதோடு இன்னொன்றும் வேண்டும். மீசை கீறாமல், அரசன் வேடம் கட்டாமல், தன் சொந்தப் பெயரில் நின்று தன் குரலில் பேச அவர்களுக்கு வரவேண்டும். வாசிகசாலை மண்டபம் திறந்திருக்கிறது. வருகிற ஓகஸ்ட்டில் உங்கள் வீட்டுப் பிள்ளையையும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து அனுப்பிவையுங்கள்.