சேணத்தில் ஏறுமுன்

(பழைய மாணவியர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மலர்க்குழுவினர் 'நடுவயதில் உடல்நலம்' பற்றிப் பேசக் கேட்டார்கள். மருத்துவ விரிவுரை என்றால் நீங்கள் தேநீருக்கு எழும்பிவிடுவீர்கள். ஆகவே எங்கள் வகுப்புத் தோழியர் ஏழு பேர் குதிரை ஏறப் போன கதையைச் சொல்கிறோம்.

நெடுந்தீவில் குதிரைகள் கட்டாக்காலியாகத் திரிவதைச் சமூகக்கல்வி வகுப்பில் கேட்ட நாளிலிருந்து எங்களுக்கு அந்த ஆசை. அப்போது நெடுந்தீவுக்குச் சுற்றுலாப் போகும் காலமல்ல. 1995 ஒக்ரோபர் 30 இரவு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தபோது, எங்களில் ஒருத்தி, "இப்ப ஒரு குதிரை இருந்தா..." என்றாள். பசியிலும் சிரித்தோம். அதன்பின் ஏழு பேரும் நான்கு நாடுகளுக்குச் சிதறினோம்.

முப்பது வருடங்களுக்குப் பிறகு அந்த ஆசையை நுவரெலியாவில் தீர்த்துக்கொள்ள முடிவெடுத்தோம். கிரகரி வாவிக்கரைப் பூங்காவில் ஆள் பிடித்து நடத்தும் குதிரைகள் உண்டு. ஏப்ரலில் வசந்தகாலச் சனக்கூட்டம். அதனால் மழை குறைந்த பெப்ரவரியைத் தெரிந்தோம். 1,868 மீற்றர் உயரத்துக் குளிருக்குப் பழக, முதல் நாளே போய் ஓய்வெடுப்பது என்றும் தீர்மானித்தோம். ஒருவருக்கு இருபது நிமிடம், நடை மட்டும், ஓட்டம் இல்லை. சேலை வேண்டாம், காற்சட்டையும் சிறு குதியுள்ள மூடிய சப்பாத்தும் போதும். குதிரைச் சவாரிக்கான தலைக்கவசத்தை வெளிநாட்டுத் தோழி கொண்டுவந்தாள்.

அடுத்தது நிறை. சேணத்தையும் சேர்த்து, குதிரையின் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் ஏற்றுவது நல்லதல்ல என்பது பொதுவான கணக்கு. 300 கிலோ குதிரைக்கு 60 கிலோ. இதை வாட்ஸ்அப்பில் எழுதியதும் குழு அரை நாள் மௌனமாகிவிட்டது! பெரிய குதிரைகளைக் கேட்பது, அப்படியும் கூடினால் நடப்பது என்று பிறகு சமாதானமானோம்.

கடினமான விடயம் வேறு. அன்றிரவு குதிரை கேட்ட அதே தோழிக்குச் சில வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து, ஹோர்மோனைக் குறைக்கும் மாத்திரை எடுக்கிறாள். அந்த வகை மாத்திரைகளில் சில எலும்பை மெலியச் செய்யும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்யச் சொன்னோம். முடிவு நல்லதாக இல்லை. அவளுடைய வைத்தியரும், விழுந்தால் இடுப்பு முறியலாம், ஏற வேண்டாம் என்றார்.

அதைச் சொல்லும் பொறுப்பு எங்களிடம் வந்தது. "நோயாளியா வரேல்லை, உங்கட சிநேகிதியா வாறன். இதையும் பறிக்கப் போறியளோ?" என்றாள். பயணத்தையே நிறுத்திவிடலாமோ என்று யோசித்தோம். வைத்தியராகப் பேசுவது எளிது. தோழியாக 'இல்லை' சொல்வதுதான் பாரம்.

அந்தக் காலையில் வாவிமேல் பனிப்புகார். முதலில் குதிரைகளின் முதுகைப் பார்த்தோம். ஒன்றுக்குச் சேணம் உரசிய புண். அதை விட்டு வேறு குதிரைகளைக் கேட்டோம். இடது பக்கமாக ஏறி, குதிகாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து அமர்ந்தோம். எங்கள் தோழி குதிரைக்காரரோடு ஏதோ பேசினாள். அவர் கயிற்றின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்துத் தானும் பக்கத்தில் நடந்தார். சத்திரசிகிச்சை செய்யாத பக்கத்துக் கையால் அதைப் பிடித்துக்கொண்டு, குதிரையின் கழுத்தைத் தடவியபடி, எங்களை ஒவ்வொருவராக வாவிக்கரையில் நடத்திப்போனது அவள்தான். "எல்லாரையும் நான்தானே கூட்டிக்கொண்டு போனனான்" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்பானவர்களே, நாற்பதைத் தாண்டினால் உடல் சில கதவுகளை மூடும். எது மூடியது என்று தெரிந்தால்தான் திறந்திருப்பது எது என்றும் தெரியும். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாக மெலியும் என்பதால், உங்கள் எலும்பைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். மார்பில் சிறு கட்டி தென்பட்டாலும் தள்ளிப்போடாதீர்கள். நாள்தோறும் நடவுங்கள்.

இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒவ்வொரு வகுப்பினரும் ஆறுதலான ஒரு நாளைத் திட்டமிடுங்கள். ஏற முடியாதவளையும் கூட்டிப்போங்கள். கயிற்றை அவள் கையில் கொடுங்கள்.